சின்ன அரசும் வேண்டும், பெரிய போரும் வேண்டும் என்றால் எப்படி?

தனிவழி:

போன மாதம் என் மூத்த பையனுக்கு 18 முடிந்தது. சில நாளில் தபாலில் ஓர் அட்டை வந்தது. செலக்டிவ் சர்வீஸ் என்று தலைப்பு. பெயர், பிறந்த தேதி, முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். என்றாவது கட்டாய ராணுவச் சேர்ப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கான பட்டியல் அது. எங்களுக்கு இன்னும் அமெரிக்கக் குடியுரிமை இல்லை, கிரீன் கார்டுதான். ஆனாலும் 18 முதல் 25 வயது வரை ஆண் பிள்ளைகள் பதிந்தே ஆக வேண்டும். பதியாவிட்டால் ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. பையன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகத் தன் பெயரை எழுதினான். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று அன்று இரவு தேடிப் படித்தேன். வியட்நாம் போரின் கடைசியில், 1973இல், கட்டாய ராணுவச் சேர்ப்பு நின்றது. 1975இல் பதிவும் நின்றது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததும், அதற்குப் பதிலடி என்று 1980இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பதிவை மறுபடி கொண்டுவந்தார். சோவியத் படை 1989இல் வெளியேறியது. 1991இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. பட்டியல் மட்டும் இருக்கிறது. எதிரி போய்விட்டான், எதிரிக்காக எடுத்த அதிகாரம் போகவில்லை.

எனக்குத் தெரிந்த நண்பர்களில் பாதிப்பேர் வரி, உரிமம், ஒழுங்குமுறை என்றால் கொதிப்பார்கள். அரசு ஒரு தபால் நிலையத்தைக்கூட உருப்படியாக நடத்தாது என்பார்கள். அதே அரசு ஏழாயிரம் மைல் தாண்டிப் போய் இன்னொரு நாட்டைத் திருத்தி அமைக்கும் என்றால் உடனே நம்பிவிடுகிறார்கள். மீதிப்பேர் போர் என்றால் எதிர்த்துத் தெருவில் இறங்குவார்கள். வாடகை, விலை, சம்பளம், மருத்துவம் எல்லாவற்றையும் அதே அரசிடமே ஒப்படைக்கவும் சொல்வார்கள். இரண்டு தரப்பும் ஒரே மரத்தின் ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். அரசின் அதிகாரம் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் போரும் பொருளாதாரத் தலையீடும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தவை. சின்ன அரசு வேண்டும் என்கிறவர் முதலில் எதிர்க்க வேண்டியது வெளிநாட்டுப் போரைத்தான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள். கேட்கத்தான் இழையைத் தொடங்கினேன்.

---

புதுமுகம்:

அண்ணா, நீங்கள் சொல்வது லிபர்டேரியன் கருத்தா? அது பணக்காரர்களுக்கு வரி வேண்டாம் என்கிற கட்சி என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

---

தனிவழி:

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்தவர் உடலுக்கோ பொருளுக்கோ கேடு செய்யாதவரை ஒருவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. இந்த விதி தனிமனிதருக்கு மட்டும் அல்ல, அரசுக்கும் பொருந்தும். வரி பற்றிய பேச்சு அதில் ஒரு கிளை. சிறை, உளவு, கட்டாய ராணுவம், குண்டுவீச்சு எல்லாம் இன்னும் தடித்த கிளைகள். பணக்காரர்களுக்கான கட்சி என்ற பெயர் வந்ததில் எங்கள் தப்பும் உண்டு. வரியைப் பற்றி மேடை போட்டுப் பேசியவர்கள் பலர் ஈராக் போரின்போது வாயைத் திறக்கவில்லை.

---

படைவீடு:

தனிவழி சார், மகன் விஷயத்தில் உங்கள் மனது புரிகிறது. எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் வரலாற்றை ஒரு பக்கமாகப் படிக்கிறீர்கள்.

1935 முதல் அமெரிக்கா நடுநிலைச் சட்டங்களை வரிசையாக இயற்றியது. நமக்கென்ன என்று இருந்தது. அந்த வருடங்களில்தான் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது, செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கியது, போலந்தில் நுழைந்தது. ஒதுங்கி இருந்ததால் போர் வராமல் போனதா? முத்துத் துறைமுகத்துக்கே (பேர்ல் ஹார்பர்) வந்தது. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக்கின் சதாம் விழுங்கியபோதும் நீங்கள் சொல்கிறபடி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலிமையான ஒருவர் காவல் நிற்பதால்தான் கடலில் சரக்குக் கப்பல்கள் போய் வருகின்றன. நீங்கள் உயிராகப் போற்றும் சுதந்திர வணிகம் அந்தக் காவலின் நிழலில்தான் நடக்கிறது.

---

தனிவழி:

நீங்கள் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம் சார். முத்துத் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், 1941 டிசம்பர் 8, அதிபர் ரூஸ்வெல்ட் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, வந்து போர்ப் பிரகடனம் கேட்டார். செனட்டில் 82-0. பிரதிநிதிகள் சபையில் 388-1. அரசியல் சட்டம் சொன்ன வழி அது. போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு என்று முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தாக்கியவனை எதிர்த்து, ஓட்டுப் போட்டு, பொறுப்பேற்றுப் போனார்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கா கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதன்பின் ஒரு பிரகடனம்கூட இல்லை. 1950இல் கொரியாவுக்கு அதிபர் ட்ரூமன் காங்கிரஸைக் கேட்காமலே படை அனுப்பினார். அதற்குப் பெயர் போலீஸ் நடவடிக்கை. 1964 ஆகஸ்டில் வியட்நாம் போருக்கு வழிவிட்ட டோன்கின் வளைகுடாத் தீர்மானம், பிரதிநிதிகள் சபையில் 416-0, செனட்டில் 88-2. அந்தத் தீர்மானத்துக்குக் காரணம் காட்டிய, அமெரிக்கக் கப்பல்கள் மீதான இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு அரசின் சொந்த ஆவணங்களிலேயே வெளிவந்தது. 58,000 அமெரிக்கப் பிள்ளைகள் செத்தார்கள். வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில்.

2001 செப்டம்பர் 14இல் பிரதிநிதிகள் சபை 420-1 என்று ஓட்டுப் போட்டுக் கொடுத்த அதிகாரத் தீர்மானத்தின் முக்கிய வாசகம் சுமார் 60 சொற்கள்தான். இரட்டைக் கோபுரத்தைத் தாக்கியவர்களையும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களையும் பிடிப்பதற்காகக் கொடுத்தது. அதை வைத்தே யேமன், சோமாலியா என்று குண்டு போட்டார்கள். தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டபோது பிறக்காதவர்கள் பெரியவர்களாகி அதே தீர்மானத்தின் கீழ் போருக்குப் போயிருக்கிறார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே ஆள் பார்பரா லீ. அவர் லிபர்டேரியன் இல்லை, கலிஃபோர்னியாவின் இடதுசாரி ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த ஒரு ஓட்டுக்காக அவருக்கு வந்த கொலை மிரட்டல்களால் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். நெருக்கடியின்போது அரசு செய்வது அதுதான். வீட்டுக்காரன் அழுதுகொண்டிருக்கும்போது கையெழுத்து வாங்கிவிடும்.

---

ஏட்டுச்சுவடி:

இதைப் பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஹிக்ஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் பற்சக்கரத்தை உவமையாகச் சொல்வார். நெருக்கடியில் அரசு பெருகும், நெருக்கடி முடிந்ததும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய இடத்துக்கு வராது. வருமான வரியில் தெளிவாகத் தெரியும். 1913இல் அதிகபட்ச விகிதம் 7 சதவீதம். முதல் உலகப் போரில், 1918இல், 77 சதவீதம். போருக்குப் பின் 1925இல் 25க்கு இறங்கியது. 77இலிருந்து பார்த்தால் பெரிய இறக்கம். 7இலிருந்து பார்த்தால் அல்ல.

ஆனால் தனிவழிக்கு எதிராகவும் ஒரு செய்தி. 1945இல் அமெரிக்கப் படையில் ஒரு கோடியே இருபது லட்சம் பேர். இரண்டே வருடத்தில் அது சுமார் பதினைந்து லட்சமானது. மத்திய அரசின் செலவு 1945இல் ஏறத்தாழ 93 பில்லியன் டாலர், 1948இல் 30 பில்லியன். ஆகவே சக்கரம் பின்னாலும் சுற்றும். சுற்ற வைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

---

தனிவழி:

நன்றி ஐயா. அந்த 1945 கணக்கு எனக்கு எதிரானது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை லட்சம் பேர் ஒரே நேரத்தில் வீடு திரும்பினால் 1930களின் பெருமந்தம் மறுபடி வந்துவிடும், அரசு செலவைக் குறைக்கக் கூடாது என்று அன்று பெரிய பெரிய பொருளாதார நிபுணர்கள் எச்சரித்தார்கள். வரவில்லை. செலவு மூன்றில் ஒரு பங்கானது. வந்தவர்கள் வேலைக்குப் போனார்கள், வீடு கட்டினார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள்.

---

செங்காந்தள்:

தனிவழி அண்ணா, போரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே மூச்சில் அரசின் எல்லாத் தலையீட்டையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள், அங்கேதான் என் சண்டை.

நான் மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஃபிரான்சஸ் கெல்சி. 1960இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். அவர் மேசைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் ஐரோப்பாவில் தாராளமாக விற்றுக்கொண்டிருந்த மருந்து. கம்பெனி நெருக்கியது, மேலதிகாரிகளிடம் புகார் சொன்னது. பாதுகாப்புக்கு ஆதாரம் போதாது என்று அந்த அம்மா கையெழுத்துப் போடவே இல்லை. உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. அமெரிக்காவில் அந்த மருந்து கடைக்கே வரவில்லை. பரிசோதனைக்கென்று டாக்டர்கள் கொடுத்ததில் பாதிக்கப்பட்ட சில குழந்தைகளோடு நின்றது. ஓர் அரசு அதிகாரி, ஒரு கோப்பு, ஒரு மறுப்பு. இதைத் தலையீடு என்றால் எனக்கு இந்தத் தலையீடு வேண்டும்.

இன்னொன்று. 1957 செப்டம்பர், லிட்டில் ராக். ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குள் போகாதபடி ஆர்கன்சா ஆளுநர் தன் மாநிலப் படையைக் கொண்டு தடுத்தார். அதிபர் ஐசனோவர் ராணுவத்தின் 101ஆவது வான்குடைப் படைப்பிரிவை அனுப்பி, சிப்பாய்கள் சூழ அந்தப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார். மத்திய அரசுக்கு அந்த வலிமை இல்லாமல் இருந்திருந்தால்?

---

தனிவழி:

செங்காந்தள், இரண்டும் கனமான கேள்விகள். மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

கெல்சி அம்மையாரை நானும் வணங்குகிறேன். ஆனால் அவர் தாலிடோமைடைத் தடுத்தது 1938 சட்டத்தின்படி. பாதுகாப்பானது என்று நிரூபி, பிறகு விற்பனை செய் என்பது அந்தச் சட்டம். அந்த அதிர்ச்சியைக் காட்டி 1962இல் கொண்டுவந்த திருத்தம், மருந்து பலன் தருகிறதா என்பதையும் அரசிடம் நிரூபிக்கச் சொன்னது. அதன்பின் புது மருந்துகளின் வரத்து வெகுவாகக் குறைந்தது என்று 1973இல் சாம் பெல்ட்ஸ்மன் ஆராய்ந்து எழுதினார். கெட்ட மருந்தால் ஊனமான குழந்தை நம் கண்ணுக்குத் தெரிகிறது. வராத மருந்தால் செத்தவரை யாரும் படம் எடுப்பதில்லை. அந்த இரண்டாவது கணக்கையும் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

லிட்டில் ராக்கில் நீங்கள் சொல்வதே சரி. என் கொள்கை அங்கே தடுமாறுகிறது. கறுப்பினத்தவரைத் தனி ரயில் பெட்டியில் உட்கார வைத்தது 1890இல் லூசியானா அரசு போட்ட சட்டம். கூடுதல் பெட்டி இழுக்கும் செலவால் ரயில் கம்பெனிகளுக்கே அதில் விருப்பமில்லை. அடக்குமுறைக்கும் அரசுதான் கருவி என்று எங்கள் ஆட்கள் இதைச் சொல்வதுண்டு. உண்மைதான், ஆனால் அது முழு பதில் ஆகாது. பள்ளி வாசலில் கூட்டம் நின்று காறித் துப்பும்போது அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சிப்பாய் தேவைப்பட்டான். உரிமையைப் பறிக்கும் ஓர் அரசைத் தடுக்க இன்னோர் அரசு வந்தது. அதை நான் எதிர்க்க மாட்டேன்.

---

செங்காந்தள்:

ஒத்துக்கொண்டதற்கு நன்றி அண்ணா. ஆனால் 1960இல் கிரீன்ஸ்பரோவில் சாப்பாட்டுக் கவுன்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தபோது பரிமாற மறுத்தது மாநில அரசு அல்ல, தனியார் கடை. 1964 குடிமை உரிமைகள் சட்டம் வந்துதான் நாடு முழுக்க அது முடிந்தது. அதையும் யோசியுங்கள்.

---

கரைவேலி:

ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது குறைவு. போர் என்றதும் எழுதத் தோன்றியது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஈராக்கில் இரண்டு முறை பணியாற்றியவர். பெயர் வேண்டாம். கல்லூரிப் படிப்புக்குப் பணம் கிடைக்கும் என்று சேர்ந்தவர். ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டுக்கு வர வேண்டிய மாதத்தில் ஸ்டாப்-லாஸ் என்று நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் போர் நடக்கும்வரை விடமாட்டோம் என்ற விதி. தன் விருப்பத்தில் சேர்ந்தவரைத் தன் விருப்பத்தில் வெளியேற விடவில்லை. இன்றும் அலுவலகத்தில் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். மேசையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். புது ஆட்கள் ஏன் என்று கேட்டால் ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படுகிறது என்பார். எனக்குத் தெரியும், காரணம் வெளிச்சம் இல்லை.

2002 அக்டோபரில் ஈராக் போருக்கு ஓட்டு பிரதிநிதிகள் சபையில் 296-133, செனட்டில் 77-23. போருக்குக் காரணம் காட்டிய பேரழிவு ஆயுதம் கிடைக்கவில்லை. அமெரிக்கர்கள் 4,400 பேருக்கு மேல். ஈராக்கியப் பொதுமக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஓட்டுப் போட்டவர்களில் யாருக்கும் சம்பளம் குறையவில்லை.

---

படைவீடு:

கரைவேலி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. ஈராக்கை நான் அன்று ஆதரித்தேன். தப்பு என்று பிறகு புரிந்தது. ஆனால் ஒரு தப்பான போரை வைத்து எல்லாப் போரும் தப்பு என்று சொல்ல முடியாது. குவைத்துக்கு 1991 ஜனவரியில் ஓட்டெடுத்துப் போனார்கள், செனட்டில் 52-47. விரட்டினார்கள், நின்றார்கள். பாக்தாத் வரை போகவில்லை.

---

புதுமுகம்:

போர் புரிகிறது. ஆனால் விலை, சம்பளம், மருத்துவம் இதெல்லாம் போரோடு எப்படிச் சேர்கிறது? தனிவழி அண்ணா முதல் பதிவில் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தவை என்றீர்கள். அந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை.

---

தனிவழி:

தம்பி, நல்ல கேள்வி. என் சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு வேலை போனது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னார்கள். மாதக் கடைசியோடு காப்பீடும் முடிகிறது என்றார்கள். மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பம், இரண்டாவது பிள்ளை. கோப்ரா என்ற சட்டத்தின்படி பழைய காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும், மேலே 2 சதவீதம். சம்பளம் நின்ற மாதத்தில் வீட்டு வாடகையைவிடப் பெரிய தொகை. சேமிப்பை உடைத்துக் கட்டினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அந்த மூன்று மாதம் ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. என் மனைவியின் பிரசவத்துக்கும் என் முதலாளிக்கும் என்ன சம்பந்தம்? கார் காப்பீடு வேலையோடு போவதில்லையே?

பதில் 1942இல் இருக்கிறது. போரில் பணத்தை அச்சடித்துச் செலவு செய்ததால் விலைவாசி ஏறியது. ஏறாமல் தடுக்க அக்டோபரில் நிலைப்படுத்தல் சட்டம் போட்டுச் சம்பளத்தை உறைய வைத்தார்கள். ஆள் பற்றாக்குறை, ஆனால் கூடுதல் சம்பளம் கொடுத்து ஆள் பிடிக்கக் கூடாது. காப்பீடும் ஓய்வூதியமும் சம்பளக் கணக்கில் வராது என்று விதிவிலக்கு இருந்தது. முதலாளிகள் அந்த வழியைப் பிடித்தார்கள். சம்பளத்துக்குப் பதில் காப்பீடு. 1954இல் வரிச் சட்டம் அதற்கு நிரந்தர வரிவிலக்குக் கொடுத்து இறுக்கிக் கட்டிவிட்டது. போர் மூன்று வருடத்தில் முடிந்தது. அதில் போட்ட முடிச்சு 60 வருடத்துக்கும் மேல் கழித்து என் வீட்டில் வந்து இறுக்கியது.

சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறார்களே, அதுவும் 1943 ஜூலையில் போர்ச் செலவுக்காக வந்த ஏற்பாடு. 1939இல் சுமார் 40 லட்சம் பேர் வருமான வரி கட்டினார்கள். 1945இல் 4 கோடிக்கு மேல். பணத்தைக் கையில் கொடுத்துத் திருப்பிக் கேட்டால் வலிக்கும், கைக்கு வருமுன் எடுத்தால் வலிக்காது. அதை வடிவமைத்த கருவூல இளைஞர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மன். பின்னாளில் சிறு அரசின் பெரிய குரலானவர். போருக்கு அது தேவைப்பட்டது என்றே கடைசிவரை சொன்னார், ஆனால் அமைதிக்காலத்திலும் நிலைத்துப்போனதற்கு வருந்தினார்.

இன்னொரு சங்கிலி. வியட்நாம் செலவும் உள்நாட்டு நலத்திட்டச் செலவும் சேர்ந்து 60களின் கடைசியில் பணவீக்கத்தைக் கிளப்பின. வெளிநாடுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்டன. 1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு, அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். அதே பேச்சில் நாட்டின் எல்லா விலையையும் சம்பளத்தையும் 90 நாள் உறைய வைத்தார். மக்கள் வரவேற்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். 90 நாள் கட்டம் கட்டமாக 1974 வரை இழுத்தது. 1973 கோடையில் தீவன விலை ஏறிக்கொண்டே போக, கோழி விலை மட்டும் கட்டுப்பாட்டில். வளர்த்து விற்றால் நஷ்டம் என்று பண்ணைக்காரர்கள் உயிருள்ள குஞ்சுகளைப் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்தது. எண்ணெய் விலைக் கட்டுப்பாடோ 1981 ஜனவரியில் ரேகன் நீக்கும்வரை இருந்தது. 90 நாள் ஒன்பது வருடத்துக்கு மேல் ஆனது. பெட்ரோலுக்கு மைல் கணக்கில் நின்ற வரிசையில் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பெரிய பங்குண்டு.

காட்டில் ஒரு போர், கருவூலத்தில் ஒரு ஓட்டை, கடையில் ஒரு விலைச்சீட்டு, பீப்பாயில் ஒரு கோழிக்குஞ்சு. நான் இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

---

ஏட்டுச்சுவடி:

எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டவும் முடியாது, தனிவழி. ஒஹாயோவில் ராஸ்கோ ஃபில்பர்ன் என்ற விவசாயி. 1938 வேளாண் சட்டப்படி அவருக்கு அனுமதித்த கோதுமை 11.1 ஏக்கர். அவர் 23 ஏக்கர் விதைத்தார். கூடுதல் நிலத்தில் விளைந்தது 239 புஷல் (தானிய அளவு). புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். என் மாட்டுக்கும் கோழிக்கும் வீட்டு மாவுக்கும் வைத்துக்கொள்ளும் கோதுமைக்கும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கும் என்ன தொடர்பு என்று வழக்குப் போட்டார். 1942இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. நீ விளைவிக்காமல் இருந்திருந்தால் சந்தையில் வாங்கியிருப்பாய், உன்னைப் போல் பலர் வாங்காவிட்டால் சந்தை பாதிக்கும் என்பது வாதம். இது மந்தத்தில் பிறந்த சட்டம், போரில் பிறந்தது அல்ல. ஆனால் அதிகாரத்தின் நீளம் பாருங்கள். விற்காத பொருளும் வணிகம்.

அதே தீர்ப்பைத்தான் 2005இல் வீட்டில் மருந்துக்கென வளர்த்த கஞ்சாச் செடி வழக்கிலும் மேற்கோள் காட்டினார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு தகவல், உங்கள் மகனுக்காக. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் யாரையும் இழுத்துப் போக முடியாது. ஆளெடுக்கக் காங்கிரஸ் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டும்.

---

தனிவழி:

தெரியும் ஐயா, ஆறுதலுக்கு நன்றி. ஆனால் பட்டியல் என்றாலே எனக்குப் பயம். 1942 பிப்ரவரி 19இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரே நிர்வாக ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாமுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தலை எண்ணுவதற்கு என்று சொல்லி வாங்கிய விவரம். 1988இல் உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலரும் மன்னிப்பும் கிடைத்தன. 46 வருடம் கழித்து.

---

செங்காந்தள்:

உங்கள் காப்பீட்டுக் கதையைப் படித்து மனது கனத்தது அண்ணா. ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. காப்பீடு முதலாளியிடம் இருக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒன்று. நீங்கள் அதைத் தனிமனிதரிடம் கொடுக்கச் சொல்கிறீர்கள், நான் எல்லோருக்கும் பொதுவாக்கச் சொல்கிறேன். கர்ப்பிணிக்குப் பேரம் பேசவோ கடை கடையாக ஏறி இறங்கவோ நேரம் இருக்காது.

தலையீடு நீக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நானே சொல்கிறேன். 1938 முதல் 1978 வரை விமான வாரியம் ஒரு புதிய பெரிய விமான நிறுவனத்தைக்கூட அனுமதிக்கவில்லை. யார் எங்கே பறப்பது, எவ்வளவு வாங்குவது எல்லாம் அதிகாரிகள் கையில். அதை உடைத்தவர்கள் செனட்டர் எட்வர்டு கென்னடியும் அதிபர் கார்ட்டரும். வாரியத்தையே மூடினார்கள். ஆகவே எந்தத் தலையீடு யாரைக் காக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மொத்தமாக வேண்டும், மொத்தமாக வேண்டாம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

---

தனிவழி:

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றால் எனக்கும் சரி. ஆனால் நிரூபிக்க வேண்டிய சுமை அதிகாரம் கேட்பவர் மேல் இருக்கட்டும், கொடுப்பவர் மேல் வேண்டாம். பணமும் இல்லை என்பதை மறக்காதீர்கள். 2001, 2003 இரண்டு முறை வரியைக் குறைத்துக்கொண்டே இரண்டு போர் நடத்தினார்கள், முழுக்கக் கடனில். 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு வட்டிக்குக் கொடுத்தது ராணுவத்துக்குச் செலவிட்டதைவிட அதிகம். அந்த வட்டியில் ஒரு மருந்துப் புட்டிகூட வாங்க முடியாது.

---

படைவீடு:

சார், இரண்டு நாளாக யோசித்தேன். காவல் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் 60 சொல் தீர்மானம் பற்றி எழுதியது உறுத்துகிறது. போர் அவசியம் என்றால் அதைச் சபையில் எழுந்து சொல்லி, ஓட்டுப் போட்டு, அந்த ஓட்டோடு தன் தொகுதிக்குப் போகட்டும். 1973 போர் அதிகாரச் சட்டம் 60 நாள் கெடு வைத்திருக்கிறது. 2011இல் லிபியாவில் ஒபாமா அந்தக் கெடுவைத் தாண்டினார், நடப்பது மோதலே இல்லை என்று விளக்கம் கொடுத்தார்கள். அதை நான் அன்றே ஏற்கவில்லை. 2001 தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி மனு எழுதினால் என் பெயரையும் போடுங்கள்.

---

தனிவழி:

இதோ வரைவு. அவரவர் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பலாம்.

"2001 செப்டம்பரில் கொடுத்த படை அதிகாரத் தீர்மானத்தை ரத்து செய்யும் மசோதாவை ஆதரியுங்கள். இனி எந்த நாட்டின்மீதும் படை அனுப்புமுன் சபையில் பெயர் சொல்லி ஓட்டெடுங்கள். ஒவ்வொரு அனுமதிக்கும் முடிவுத் தேதி வையுங்கள். போர்ச் செலவுக்கென எடுத்த வரிகளும் கட்டுப்பாடுகளும் போரோடு முடியட்டும்."

---

செங்காந்தள்:

முதல் மூன்று வரிக்கும் கையெழுத்துப் போடுகிறேன். நான்காவது வரிக்கு முடியாது அண்ணா. அதை யார் எப்படி இழுப்பார்கள் என்று தெரியாது.

---

கரைவேலி:

மூன்று வரிக்கு நானும். என் நண்பரிடமும் காட்டினேன். படித்துவிட்டுப் பேனா கேட்டார்.

---

தனிவழி:

நான்காவது வரியை எடுத்துவிட்டேன். அதைத் தனிக் கடிதமாக என் பெயரில் மட்டும் அனுப்புகிறேன். மூன்று வரிக் கடிதத்தில் என் பையனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அந்த அட்டையில் எழுதியதுபோலவே, முழுப் பெயரை.